நீளமான ரான்ச் வீட்டில் ஏசியும் ஹீட்டரும்: எந்தக் கோளாறுக்கு எங்கே பார்ப்பது

டாலஸுக்கு வடக்கே, 1974-இல் கட்டிய ஒரு ரான்ச் வீட்டுக்கு நாங்கள் குடிவந்து ஒன்பது வருடம் ஆகிறது. ஒரே தளம், 2,600 சதுர அடி, கான்கிரீட் ஸ்லாப் மேல் நேராக உட்கார்ந்திருக்கும் வீடு. கராஜ் ஒரு கோடி, படுக்கையறைகள் மறு கோடி. மாடிப்படி இல்லையே என்று அம்மாவின் முழங்காலை நினைத்து வாங்கியது. முதல் ஜூலையில் ஊரிலிருந்து வந்திருந்த அம்மா ஹாலில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோடி அறையில் என் மகன் சட்டையைக் கழற்றிவிட்டு வியர்த்துக்கொண்டிருந்தான். "ஏண்டா, ஒரே வீட்டுக்குள்ள ஊட்டியும் வேலூரும் இருக்கே" என்றார் அம்மா.

பார்க்க வந்த டெக்னீஷியன் அட்டிக்கில், அதாவது சீலிங்குக்கும் கூரைக்கும் நடுவே உள்ள இடத்தில், ஏறக்கூட இல்லை. "4 டன் போதாது, 5 டன் மாற்றிவிடுங்கள்" என்று ஒரு எஸ்டிமேட்டை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். நல்லவேளை, கையில் அப்போது பணம் இல்லை. பிறகு நானே தெர்மாமீட்டரும் டார்ச்சுமாக அலைந்ததில் தெரிந்தது, மெஷினில் கோளாறே இல்லை. குளிர்ந்த காற்று கோடிவரை போய்ச் சேரவில்லை. போனதும் திரும்பி வர வழியில்லை. அவ்வளவுதான். இந்தப் பக்கத்தில் ரான்ச் வீடு வாங்கிய நண்பர்கள் கூப்பிட்டுக் கேட்கும் கோளாறுகளில் பாதிக்கு மேல் இதே கதைதான்.

வீட்டின் வடிவத்தைக் கொஞ்சம் புரிந்துகொண்டால் தேடுவது சுலபம். ரான்ச் பாணி 1930களில் சான் டியேகோ பக்கம் கிளிஃப் மே கட்டிய வீடுகளிலிருந்து பிரபலமானது. கலிஃபோர்னியாவின் இதமான வானிலையில், கண்ணாடிக் கதவைத் தள்ளினால் முற்றம் என்று வாழ்வதற்கான வீடு அது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு அதே வடிவம் டெக்ஸஸ் வெயிலுக்கும் ஒஹாயோ பனிக்கும் போய்விட்டது. இரண்டு மாடியில் 2,600 சதுர அடி என்றால் வெயில் வாங்கும் கூரை ஏறத்தாழ 1,300 சதுர அடிதான். ரான்ச்சில் 2,600 முழுவதற்கும் மேலே அட்டிக்தான். சென்னையில் மொட்டை மாடிக்கு நேர் கீழே வாடகைக்கு இருந்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். ரான்ச்சில் எல்லா அறையும் அந்த மாதிரிதான். ஒரே மெஷினிலிருந்து எல்லா அறைக்கும் காற்றைக் கொண்டுபோகும் டக்ட் குழாய்களும் அதே அட்டிக்கில், வெயிலுக்கு நடுவே, 50, 60 அடி நீளத்துக்கு ஓடுகின்றன.

எதற்கும் முன்னால் ஒரு பத்து நிமிடம்

ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். வெளிச்சம் தெரியவில்லை என்றால் மாற்றிவிட்டுத்தான் மற்றது. "அலர்ஜிக்கு நல்லது" என்று 1 அங்குல மெர்வ் 13 ஃபில்டர் (மெர்வ் எண் கூடக் கூட வடிகட்டும் இழை நெருக்கம்) வாங்கிப் போட்டிருந்தால் அதையும் சந்தேகப்படுங்கள். மெல்லிய ஃபில்டரில் அவ்வளவு நெருக்கமான இழை இருந்தால் காற்று மூச்சு முட்டும். மெர்வ் 8 போதும். மெர்வ் 13-தான் வேண்டுமென்றால் 4 அல்லது 5 அங்குலத் தடிமன் ஃபில்டருக்குப் பெட்டி வைக்க வேண்டும்.

அப்புறம், ஆளில்லாத அறைகளில் மூடி வைத்த வென்ட்களை (அறைக்குள் காற்று வரும் வாய்கள்) எல்லாம் திறந்துவிடுங்கள். மின்சாரம் மிச்சமாகும் என்று நினைத்துத்தான் எல்லோரும் மூடுகிறோம். மெஷின் தள்ளும் காற்றின் அளவு அறைக்கு ஏற்பக் குறைவதில்லை. டக்டில் அழுத்தம்தான் ஏறுகிறது, இடுக்குகள் வழியே அட்டிக்குக்குக் கசிகிறது.

கடைசியாக, ஏசி 15 நிமிடம் ஓடிய பிறகு, சமையலறையில் இருக்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரை எடுத்து ரிட்டர்ன் கிரில்லிலும் (வீட்டுக் காற்றை மெஷின் திரும்ப இழுக்கும் வாய்) மெஷினுக்குப் பக்கத்து வென்ட்டிலும் வையுங்கள். (எங்கள் வீட்டில் இருப்பது மாமிசம் வெந்ததா என்று பார்க்கும் ரகம். வீட்டில் எல்லோரும் சைவம். இதற்காகவே வாங்கியது.) இரண்டுக்கும் 16 முதல் 22 டிகிரி வரை வித்தியாசம் இருந்தால் மெஷின் தன் வேலையைச் செய்கிறது. இங்கே டிகிரி என்று சொல்வதெல்லாம் ஃபாரன்ஹீட்தான். வித்தியாசம் 10, 12 தான் என்றால் மெஷின் பக்கம் பாருங்கள். 25 என்றால் குளிர் இருக்கிறது, காற்று போதவில்லை. மறுபடி ஃபில்டருக்கும் டக்டுக்கும் போங்கள்.

கோளாறு: கோடி அறை மட்டும் கொதிக்கிறது

ரான்ச் வீட்டின் தேசிய வியாதி இது. மூன்று தனித்தனிக் காரணங்களுக்கு ஒரே அறிகுறி வருவதால் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் மெஷினுக்குப் பக்கத்து வென்ட்டில் வெப்பநிலையை எடுங்கள், பிறகு கோடி அறை வென்ட்டில். எங்கள் வீட்டில் முதலாவது 57, கடைசி 66. ஒன்பது டிகிரி வழியிலேயே போயிருந்தது. இப்போது காற்றின் அளவு. 33 கேலன் குப்பைப் பை ஒன்றை எடுத்து, கசக்கிக் காற்றை வெளியேற்றி, வாயை ஒரு கம்பி ஹேங்கரில் மாட்டி விரித்து, சட்டென்று வென்ட் மேல் கவிழ்த்துப் பிடித்து எத்தனை நொடியில் உப்புகிறது என்று எண்ணுங்கள். பையில் ஏறத்தாழ நாலரை கன அடி காற்று பிடிக்கும். மூன்று நொடியில் உப்பினால் நிமிடத்துக்கு 90 கன அடிக்கு அருகில் வருகிறது. என் மகன் அறையில் ஏழு நொடி. அதாவது 40கூட இல்லை. துல்லியமான கருவி அல்லதான், ஆனால் இரண்டு அறைகளை ஒப்பிட இதுவே போதும்.

காற்று வேகமாக வந்தும் சூடாக இருந்தால், டக்டின் மேலுறை போதாது அல்லது கிழிந்திருக்கிறது. டக்ட் மேல் அச்சடித்திருக்கும்: ஆர்-4.2 என்றோ ஆர்-6 என்றோ. (ஆர் எண் கூடக் கூட சூட்டைத் தடுக்கும் திறன் அதிகம்.) ஜூலை மத்தியானம் டாலஸ் அட்டிக் 130, 140 டிகிரிக்குப் போகும். அதற்கு ஆர்-8 வேண்டும். காற்று மெலிந்து வந்தால் குழாய் எங்கோ நசுங்கியிருக்கிறது, மடங்கியிருக்கிறது, அல்லது இணைப்பு கழன்று அட்டிக்கைக் குளிர்வித்துக்கொண்டிருக்கிறது. மெலிந்து வரும் காற்று அட்டிக்கில் அதிக நேரம் தங்குவதால் கூடவே சூடாகவும் ஆகும். எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். வேகமும் சரி, குளிர்ச்சியும் சரி, ஆனாலும் அறை கொதிக்கிறது என்றால் குற்றம் அறையுடையது: மூன்று பக்கம் வெளிச்சுவர், மேற்கு ஜன்னல், மேலே இன்சுலேஷன் இல்லை.

அட்டிக்கில் ஏறுவது என்றால் காலை ஆறு மணிக்கு ஏறுங்கள். மரச்சட்டத்தின் மேல் மட்டும் கால் வையுங்கள். சட்டங்களுக்கு நடுவே இருப்பது வெறும் ஷீட்ராக், அதாவது ஜிப்சம் பலகை. என் நண்பர் ஒருவரின் வலது கால் இடுப்புவரை சாப்பாட்டு அறைக்குள் இறங்கியது. மாஸ்க், முழுக்கைச் சட்டை, நல்ல விளக்கு. டக்ட் மெஷினிலிருந்து கிளம்பும் இடத்திலிருந்து கோடிவரை கண்ணாலேயே தொடர்ந்து போங்கள்.

நான் கண்டது இது. 6 அங்குல ஃப்ளெக்ஸ் டக்ட் ஒன்று நேராகப் போனால் 30 அடியில் முடிய வேண்டியது. 40 அடிக் குழாயை வெட்ட மனமில்லாமல் பாம்பு மாதிரி வளைத்துப் போட்டிருந்தார்கள். ஓர் இடத்தில் கேபிள் ஆள் ஒருவர் தன் வயர் போவதற்காக அதன் மேல் ஒரு பலகையைச் சாத்தியிருந்தார். குழாய் அங்கே சப்பாத்தியாகி இருந்தது. கையால் தொட்டால் வெளியுறை ஈரமாகப் பிசுபிசுத்தது. ஃப்ளெக்ஸ் குழாயின் உள்பக்கம் ஸ்பிரிங் போலச் சுருங்கும் தன்மை உடையது. முழுக்க இழுத்துக் கட்டாவிட்டால் உள்ளே மடிப்பு மடிப்பாக நின்று உராய்வு பல மடங்கு கூடும். அதிகப்படி நீளத்தை வெட்டி, இழுத்து, நாலு அடிக்கு ஒரு பட்டை கட்டித் தொங்கவிட்டு, இணைப்புகளில் மாஸ்டிக் பூசினோம். மாஸ்டிக் என்பது வாளியில் வரும் சாம்பல் நிறப் பசை. தோசை மாவு பதத்தில் இருக்கும், பிரஷ்ஷால் அப்ப வேண்டும். 'டக்ட் டேப்' என்று கடையில் விற்கும் துணி டேப்பை டக்டுக்கு மட்டும் ஒட்டாதீர்கள், அட்டிக் சூட்டில் பசை உதிர்ந்து தொங்கும்.

பை மூன்றரை நொடியில் உப்பியது. செலவு ஒரு சனிக்கிழமையும் நூறு டாலருக்குள்ளும்.

குழாய் நேராக இருந்தும் காற்று போதாவிட்டால் குழாயே சின்னது. 6 அங்குலம் நல்ல நிலையில் நிமிடத்துக்கு 100 கன அடிக்குக் கிட்டத்தட்டக் கொண்டுபோகும். 8 அங்குலம் அதைப்போல் இரண்டு மடங்கு. பெரிய மாஸ்டர் பெட்ரூமுக்கு ஒற்றை 6 அங்குலம் போட்டிருப்பதை நிறைய வீடுகளில் பார்க்கலாம். குழாய்க்கு நடுவே பூஸ்டர் ஃபேன் வைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. சத்தம்தான் மிச்சம்.

கோளாறு: கதவைச் சாத்தினால்தான் சூடாகிறது

கதவு திறந்திருந்தால் அறை சுமார், சாத்தித் தூங்கினால் விடியற்காலையில் வியர்க்கிறது என்றால், பிரச்சினை வரும் காற்றில் இல்லை, திரும்பும் காற்றில். அந்தக் கால ரான்ச்சுகளில் ரிட்டர்ன் ஒன்றே ஒன்று, ஹால்வேயில் இருக்கும். கதவைச் சாத்தினால் அறைக்குள் வந்த காற்று கதவடி இடுக்கு வழியாகத்தான் போய்ச் சேர வேண்டும். புதிதாகக் கார்ப்பெட் போட்டவர்களுக்கு அந்த இடுக்கும் போச்சு.

சோதனை எளிது. ஏசி ஓடும்போது கதவை ஒரு விரல் இடைவெளி விட்டு நிறுத்துங்கள். தானாகத் திறந்துகொள்கிறதா? கதவடியில் பிடித்த டிஷ்யூ வெளிப்பக்கம் ஓடுகிறதா? அறை பலூன் மாதிரி உப்பி நிற்கிறது. அறைக்கும் ஹாலுக்கும் 3 பாஸ்கலுக்கு மேல் அழுத்த வித்தியாசம் கூடாது என்பது எனர்ஜி ஸ்டார் (மின்சேமிப்புத் தரச் சான்று) வீடுகளுக்கு வைத்திருக்கும் அளவு. உப்பிய அறையின் காற்று ஜன்னல் விளிம்பு, பிளக் பாயிண்ட் வழியே வெளியே போகிறது. அதே நேரம் ஹாலில் காற்று குறைந்து, வெளிச்சூடும் அட்டிக் தூசியும் உள்ளே இழுக்கப்படுகின்றன. மின்கட்டணம் கூடுவதற்கும் இதுவே ஒரு காரணம்.

தீர்வு மூன்று. கதவுக்கு மேலே சுவரில் இரு பக்கமும் கிரில் வைப்பது மலிவு, ஆனால் பேச்சும் வெளிச்சமும் கசியும். அறைக் கூரையிலிருந்து ஹால் கூரைக்கு அட்டிக் வழியே ஒரு சின்னக் குழாய் வளைத்து விடுவது அடுத்தது, இதில் சத்தம் கேட்காது. மிகச் சிறந்தது கோடிப் பக்கம் தனி ரிட்டர்ன். எங்கள் 4 டன் மெஷினுக்கு இருந்தது ஒரே ஒரு 20க்கு 25 கிரில், 500 சதுர அங்குலம். டன்னுக்கு 200 சதுர அங்குலம் என்பது தொழிலில் புழங்கும் கணக்கு; அப்படியென்றால் 800 வேண்டும். படுக்கையறைப் பக்கம் இரண்டாவது ரிட்டர்ன் ஒன்றைப் போட்டோம். ஹாலுக்கும் கோடிக்கும் ஏழு டிகிரியாக இருந்த வித்தியாசம், குழாயும் இதுவும் சேர்ந்து, இரண்டாகக் குறைந்தது. ஹால்வே ரிட்டர்ன் போட்ட ஊளைச் சத்தமும் நின்றது. அதுவரை அது இயல்பு என்றே நினைத்திருந்தோம்.

கோளாறு: மாலை நான்கு மணிக்கு மேல் நிற்காமல் ஓடுகிறது, 78-க்குக் கீழே இறங்கவில்லை

இது கோளாறாக இல்லாமலும் இருக்கலாம். இந்தப் பகுதியில் மெஷினை வெளியே 100 டிகிரி வரும் நாளை வைத்துத்தான் அளவெடுக்கிறார்கள். 107 அடிக்கும் நாளில் மதியம் முதல் இரவு எட்டுவரை விடாமல் ஓடினால் அது சரியான அளவு மெஷின். 2011-இல் டாலஸ் விமான நிலையத்தில் 71 நாள் 100-ஐத் தொட்டது. அப்படிப்பட்ட கோடையில் 72-இல் வைத்துவிட்டு மீட்டரைப் பார்த்து மயங்கி விழுவதில் அர்த்தமில்லை. 78-இல் வைத்துச் சீலிங் ஃபேனைப் போடுங்கள். ஃபேன் ஓடினால் தெர்மோஸ்டாட்டை 4 டிகிரி கூட்டி வைத்தாலும் வித்தியாசம் தெரியாது. ஃபேன் அறையைக் குளிர்விப்பதில்லை, ஆளைத்தான் குளிர்விக்கிறது. ஆளில்லாத அறையில் நிறுத்திவிடுங்கள்.

வெளியே 95 தான், அப்போதும் இறங்கவில்லை என்றால் அட்டிக்கைப் பாருங்கள். தரைச் சட்டங்களின் மேல்பக்கம் கண்ணுக்குத் தெரிந்தாலே இன்சுலேஷன் போதாது. 70களின் வீடுகளில் மூன்று, நான்கு அங்குலம்தான் இருக்கும். இங்கே ஆர்-38 முதல் ஆர்-49 வரை வேண்டும். ஊதிப் போடும் ஃபைபர்கிளாஸ் என்றால் ஓரடிக்கும் மேலே உயரம். ரான்ச்சுக்கே உரிய ஒரு சங்கடம், கூரைச் சரிவு குறைவு என்பதால் ஓரத்தில் இடமே இருக்காது. வெளிச்சுவரை ஒட்டிய இரண்டடி எப்போதும் மெலிந்துதான் கிடக்கும். அங்கே பஞ்சைத் திணித்தால் ஈவ்ஸ் (சுவரைத் தாண்டி நீளும் கூரை விளிம்பு) காற்றுத் துளைகள் அடைபடும். முதலில் தடுப்பு அட்டைகளைப் பொருத்திவிட்டுத்தான் ஊத வேண்டும். அதற்கும் முன்னால் கூரையில் பதித்த கேன் லைட், பாத்ரூம் ஃபேன், அட்டிக் கதவு ஆகியவற்றைச் சுற்றியுள்ள ஓட்டைகளை அடையுங்கள். ஓட்டையை அடைக்காமல் பஞ்சு போடுவது ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு பட்டன் போடாத கதை.

அட்டிக்கில் மின்விசிறி வைத்துச் சூட்டை இழுத்துத் தள்ளுகிறேன் என்று வருபவர்கள் உண்டு. சீலிங்கில் ஓட்டை இருக்கும் வீட்டில் அந்த விசிறி நீங்கள் காசு கொடுத்துக் குளிர்வித்த காற்றையே இழுக்கும். வேண்டாம்.

மேற்குப் பார்த்த பெரிய ஸ்லைடிங் கண்ணாடிக் கதவு ரான்ச்சின் அழகு. மாலையில் அதுவே ஒரு ஹீட்டர். உள்ளே திரை போட்டால் சூடு ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டது. தடுப்பு வெளியே இருக்க வேண்டும்: சோலார் ஸ்கிரீன், பந்தல், மரம்.

வெப்பநிலை வித்தியாசம் 16-க்குக் கீழே இருந்தால் டெக்னீஷியனைக் கூப்பிட வேண்டிய இடம். "கேஸ் கொஞ்சம் குறைஞ்சிருக்கு, டாப் அப் பண்ணிடறேன்" என்று சொன்னால் "லீக் எங்கே?" என்று கேளுங்கள். அது பெட்ரோல் இல்லை, செலவாவதற்கு. மூடிய குழாய்க்குள் சுற்றுகிறது, குறைந்தால் கசிந்திருக்கிறது. ஆர்-22 என்ற பழைய ரக கேஸில் ஓடும் மெஷினாக இருந்தால் இன்னும் யோசியுங்கள்: 2020 ஜனவரி முதல் அதன் உற்பத்தியும் இறக்குமதியும் அமெரிக்காவில் நின்றுவிட்டன. கையிருப்பும் மீட்டெடுத்ததும்தான் விற்கிறது, விலையும் அப்படி.

கோளாறு: குளிர்ச்சி இருக்கிறது, ஆனால் பிசுபிசுக்கிறது

ஒரு ஈரப்பதமானி வாங்கி ஹாலில் வையுங்கள். 50 சதவீதத்தை ஒட்டி இருந்தால் நல்லது. 60-க்கு மேலே நிற்கிறது என்றால் முதலில் தெர்மோஸ்டாட்டில் ஃபேன் 'ஆன்' என்று இருக்கிறதா பாருங்கள். 'ஆட்டோ'வுக்கு மாற்றுங்கள். 'ஆன்'-இல் இருந்தால் கம்ப்ரஸர் நின்ற பிறகும் விசிறி ஓடி, காற்றைக் குளிர்விக்கும் காயிலில் ஒட்டிய தண்ணீரைத் திரும்ப வீட்டுக்குள்ளேயே ஊதும்.

அது சரியாக இருந்தால், மெஷின் எத்தனை நிமிடம் ஓடுகிறது என்று எண்ணுங்கள். வெயில் நாளில் ஏழெட்டு நிமிடம் ஓடி நின்று, மறுபடி ஓடி நிற்கிறதா? அளவுக்கு மீறிய மெஷின். ஈரத்தைப் பிழிவதற்கு நீண்ட ஓட்டம் வேண்டும்; பெரிய மெஷின் காற்றைச் சட்டென்று குளிர்வித்துவிட்டுப் படுத்துவிடும். அந்த டெக்னீஷியன் சொன்ன 5 டன்னைப் போட்டிருந்தால் கோடி அறை அப்படியே கொதித்திருக்கும், ஹால் கூடுதலாக நமத்தும் போயிருக்கும்.

கோளாறு: ஜன்னலுக்கு மேலே சுவரிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது

வெளியே போய்ப் பாருங்கள்: ஜன்னலுக்கு நேர் மேலே, ஈவ்ஸ் அடியில், ஒரு குட்டை பிவிசி குழாய் எட்டிப் பார்க்கும். வேண்டுமென்றே அங்கே வைத்ததுதான். மெஷினின் முதல் வடிகால் அடைத்துக்கொண்டால் தண்ணீர் அவசரத் தட்டில் விழுந்து இந்த வழியாக வெளியேறும். கண்ணில் படட்டும் என்றுதான் ஜன்னலுக்கு மேலே. சொட்டு விழுந்தால் ஏசியை நிறுத்துங்கள். ரான்ச்சில் மெஷின் அட்டிக்கில் இருப்பதால் அந்தத் தட்டும் நிரம்பினால் அடுத்தது உங்கள் படுக்கைதான்.

அடைப்பு பெரும்பாலும் பாசி. முதல் வடிகாலின் வெளி முனையில் ஈரத்தை உறிஞ்சும் ரக வேக்குமை வைத்துத் துணியால் சுற்றி இரண்டு நிமிடம் இழுங்கள். நுங்குச் சதை போல வழவழவென்று ஒன்று வந்து விழும். பிறகு மெஷின் பக்கத்து மூடியைத் திறந்து ஒரு கப் வினிகர் ஊற்றுங்கள். கோடை முழுக்க மாதம் ஒரு தடவை இதைச் செய்தால் போதும். தெர்மோஸ்டாட் திரையே இருண்டு கிடந்தாலும் இங்கேதான் முதலில் பாருங்கள். தட்டில் தண்ணீர் ஏறினால் மிதவை சுவிட்ச் மின்சாரத்தைத் துண்டித்திருக்கும்.

கோளாறு: வெளி யூனிட் உறுமுகிறது, விசிறி சுற்றவில்லை

கெபாசிட்டர் போயிருக்கும். உருளை டப்பா மாதிரி இருக்கும், மேல்பக்கம் வீங்கியிருந்தால் சந்தேகமே இல்லை. உடனே பிரேக்கரை அணையுங்கள். விசிறி இல்லாமல் ஓடவிட்டால் கம்ப்ரஸருக்கு ஆபத்து. மின்சாரத்தை அணைத்த பிறகும் அந்த டப்பாவில் ஷாக் இருக்கும், பழக்கமில்லாதவர்கள் தொடாதீர்கள். பாகத்தின் விலை சில பத்து டாலர்தான் என்று தெரிந்துகொண்டு பேரம் பேசுங்கள்.

உள் காயிலில் பனி கட்டியிருந்தால் ஏசியை நிறுத்தி ஃபேனை மட்டும் ஓடவிட்டு உருகவிடுங்கள், பல மணி நேரம் ஆகும். அதன் பிறகு ஃபில்டர், மூடிய வென்ட், கேஸ் கசிவு, இந்த வரிசையில்.

கோளாறு: குளிர்காலத்தில் மேலே சூடு, காலில் ஜில்லென்று

வென்ட்கள் கூரையில் இருக்கின்றன. சூடான காற்றுக்கு மேலே இருக்கத்தான் பிடிக்கும். கீழே ஸ்லாப், அதன் விளிம்பு நேராக வெளிக்குளிரைத் தொடுகிறது. ஆக, தெர்மோஸ்டாட் 70 காட்டும்போது தரை 60-இல் இருக்கலாம். சீலிங் ஃபேனைத் திசை மாற்றி மெதுவாக ஓடவிட்டால் கொஞ்சம் கலக்கும். வெளிச்சுவரோரம் தடிமனான கம்பளம் போடுங்கள். ஊரிலிருந்து டிசம்பரில் பெற்றோர் வருவதாக இருந்தால் முதல் நாளே உல்லன் சாக்ஸ். அம்மா இன்றுவரை இந்த வீட்டுத் தரையை நம்புவதில்லை.

ஃபர்னஸ் (கேஸை எரித்து வீட்டைச் சூடாக்கும் மெஷின்) பற்றிக்கொண்டு சில நொடியில் அணைந்து, இரண்டு மூன்று முறை முயன்று ஓய்ந்தால் ஃப்ளேம் சென்சாரில் கரி படிந்திருக்கும். ஒரு கம்பிதான், மின்சாரத்தையும் கேஸையும் மூடிவிட்டு எடுத்து, மெல்லிய ஸ்டீல் வுல்லால் தேய்த்து மாட்டுவார்கள். சில நிமிடம் நன்றாக எரிந்து பிறகு அணைந்தால் அது வேறு: காற்று போதாமல் உள்ளே சூடு ஏறி லிமிட் சுவிட்ச் நிறுத்துகிறது. மறுபடி ஃபில்டர், மூடிய வென்ட். ஃபர்னஸ் கதவின் சின்னக் கண்ணாடி வழியே ஒரு எல்இடி மினுக்கும்; எத்தனை முறை மினுக்குகிறது என்று எண்ணினால் கதவின் உள்பக்கம் ஒட்டிய அட்டவணையில் காரணம் இருக்கும். சீசனின் முதல் நாள் தூசி கருகும் வாசனை வருவது சகஜம். கேஸ் வாசனை என்றால் எந்த சுவிட்சையும் தொடாமல் எல்லோரும் வெளியே போய், வெளியிலிருந்து 911.

ஹீட் பம்ப் (ஏசியையே திருப்பி ஓட்டிச் சூடாக்கும் ரகம்) வைத்திருப்பவர்கள், வெளி யூனிட்டிலிருந்து புகை வருகிறது என்று பயப்பட வேண்டாம். தன்மேல் கட்டிய பனியை உருக்கும்போது எழும் ஆவி அது. 2021 பிப்ரவரி 16 அன்று டாலஸில் பூஜ்யத்துக்கும் கீழே 2 டிகிரி போனது. எங்களுடையது கேஸ் ஃபர்னஸ்தானே என்று தைரியமாக இருந்தோம். மின்சாரம் போனதும்தான் உறைத்தது, கேஸை எரிக்கலாம், விசிறியை யார் சுற்றுவது?

கோளாறு: தாளித்த வாசனை கோடி அறை அலமாரிவரை

சமையலறையும் ஹாலும் ஒன்றாகத் திறந்திருக்கும் ரான்ச்சில், ரிட்டர்ன் கிரில் அடுப்பிலிருந்து பதினைந்து அடியில் இருக்கும். கடுகு வெடித்த இரண்டே நிமிடத்தில் வீடு முழுக்கச் செய்தி போய்விடும். எண்ணெய்ப் பிசுக்கு ஃபில்டரில் படிந்து, மூன்று மாத ஃபில்டர் நம் வீடுகளில் ஒரு மாதத்தில் மஞ்சளாகும். தலைக்கு மேலே மைக்ரோவேவில் இருக்கும் விசிறி பெரும்பாலும் காற்றை வடிகட்டித் திரும்ப உங்கள் முகத்திலேயே ஊதுகிறது. வெளியே போகும் சிம்னி வேண்டும்.

வைக்கும்போது ஒரு எச்சரிக்கை. நிமிடத்துக்கு 400 கன அடிக்கு மேல் இழுக்கும் சிம்னிக்கு, ஈடாக வெளிக்காற்று உள்ளே வர வழி செய்ய வேண்டும் என்று கட்டட விதி கேட்கிறது. ஹால்வே அலமாரிக்குள் பழைய ரக கேஸ் வாட்டர் ஹீட்டர் இருந்தால் இது உயிர்ப் பிரச்சினை: பெரிய சிம்னி இழுக்கும் இழுப்பில் ஹீட்டரின் புகை மேலே போகாமல் வீட்டுக்குள் திரும்பும். படுக்கையறைப் பக்கம் கார்பன் மோனாக்ஸைடு அலாரம் இல்லாமல் இருக்காதீர்கள். மீன் வறுப்பது, அப்பளம் பொரிப்பது எல்லாம் பின்கட்டில் ஒரு பர்னர் வைத்துச் செய்கிறார்கள் பலர். எனக்குத் தெரிந்து அதற்கு மிஞ்சிய தீர்வு இல்லை.

மெஷினையே மாற்ற வேண்டி வந்தால்

வருபவர் வீட்டுச் சதுர அடியைக் கேட்டுவிட்டு 600-ஆல் வகுத்து டன் சொன்னால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். மேனுவல் ஜே என்று ஒரு கணக்கு இருக்கிறது: அறை வாரியாக, ஜன்னல் எந்தத் திசை, கண்ணாடி ஒன்றா இரண்டா, அட்டிக்கில் எத்தனை ஆர் என்று பார்த்துச் செய்வது. அந்த அறிக்கையைக் காகிதத்தில் கேளுங்கள். டக்டுக்கு மேனுவல் டி. அத்துடன் இப்போதிருக்கும் டக்டில் அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான மெஷின்கள் 0.5 அங்குல நீர்மட்ட அழுத்தத்துக்குத்தான் வடிவமைத்தவை; பழைய ரான்ச்சில் 0.8, 0.9 காட்டினால் எந்தப் புது மெஷினும் அதில் திணறத்தான் செய்யும்.

மிக நீண்ட வீட்டுக்கு, 3,000 சதுர அடிக்கு மேல், ஒரே பெரிய மெஷினைவிட இரண்டு சின்ன மெஷின்களே என் தேர்வு, பகலுக்கு ஒரு பக்கம், இரவுக்கு ஒரு பக்கம். டக்டுக்குள் டேம்பர் என்ற மூடி திறக்கும் தகடு வைத்து மண்டலம் பிரிப்பது வேகம் மாற்றிக்கொள்ளும் மெஷினில் நன்றாக வேலை செய்யும்; ஒரே வேகத்தில் ஓடும் பழைய ரகத்தில் பாதி வீட்டை மூடினால் மீதிக் காற்று போக இடமில்லாமல் விசிலடிக்கும். கராஜை அறையாக மாற்றியவர்கள் பழைய டக்டிலிருந்து கிளை இழுக்காமல் மினி ஸ்பிளிட் ஒன்றை மாட்டிவிடுங்கள். நம்மூரில் ஒவ்வொரு அறைக்கும் சுவரில் மாட்டுகிறோமே, அதே சாமான்தான். இங்கே அதைப் புதுமையாக விற்கிறார்கள்.

1950, 60களின் சில வீடுகளில் டக்ட் அட்டிக்கில் இல்லாமல் ஸ்லாப்புக்குள்ளேயே புதைத்திருக்கும். தரையில், ஜன்னலடியில் வென்ட் இருந்தால் அதுதான். மழைக்குப் பிறகு ஊறின மண் வாசனை வருகிறதா, டார்ச் அடித்தால் உள்ளே தண்ணீர் மினுங்குகிறதா என்று பாருங்கள். துரு தின்ற தகரக் குழாயைச் சரிசெய்ய வழியில்லை. கான்கிரீட் ஊற்றி அடைத்துவிட்டு மேலே புதிதாகப் போடுவார்கள். அப்படிப் போடும்போது மாஸ்டர் பெட்ரூமுக்கு ரிட்டர்ன் ஒன்றையும் எஸ்டிமேட்டில் எழுத வையுங்கள். எங்கள் பழைய 4 டன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. போன ஜூலையில் கோடி அறைக்குப் போர்வை கேட்டான் மகன்.